அகப்பை யார் கையில்?

எங்கம்மைக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. சபைச் செயலாளர் கையெழுத்துப் போட்டு, சீலும் குத்திய கடிதம். காலனி ஜெபவீட்டுப் பெண்கள் சேர்த்த பிடியரிசியைத் தாய்ச்சபையில் ஒப்படைக்காமல் தன்னிச்சையாக விநியோகம் செய்ததற்குப் பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டுமாம். அம்மை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். 'தன்னிச்சையாக' என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டாள்.

"அப்படின்னா என்ன மக்கா?"

"நம்ம இஷ்டத்துக்குச் செய்தோமாம்."

"நம்ம அரிசிதானே?"

இதைவிட நல்ல விளக்கத்தை என்னால் எழுத முடியாது. ஆனாலும் வீட்டில் தமிழ் எம்.ஏ. படித்தவள் நான், எழுத வேண்டிய கடமை என் தலையில் விழுந்திருக்கிறது. பதினைந்து நாள் காணாது. இருநூறு வருடத்துக்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது. அதனால் செயலாளருக்கு எழுதாமல் இங்கே எழுதுகிறேன்.

மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சபை இது. எந்தச் சபை, எந்தச் சேகரம் என்று எழுதப் போவதில்லை. பயந்துகொண்டு அல்ல. பெயரைப் போட்டால், "அந்த ஒரு சபையில் அப்படி" என்று மற்ற சபைகளெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடும். குமரி மாவட்டத்தில் இதை வாசிக்கிறவர்கள் அவரவர் சபையின் ஆண்டறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு வாசிக்கட்டும்.

பிடியரிசி என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போடுவது. மாதம் ஒருமுறை அதைக் கொண்டுபோய்ச் சபையில் கொடுப்பது. அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைத்து, தோட்டு எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துப்போன என் அம்மை, கலியாணமாகி வந்த நாளிலிருந்து ஒருநாள்கூட இதை விட்டதில்லை. வீட்டில் அரைவயிறு என்றாலும் பானைக்கு ஒரு பிடி உண்டு. ரேஷன் அரிசியிலும் கர்த்தருக்குப் பங்கு.

ஒரு பிடி ஐம்பது கிராம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பிடி. வருடத்துக்குப் பதினெட்டு கிலோவுக்கு மேல் வருகிறது. இது சபைக்கு எங்கள் வீட்டிலிருந்து போவது. இதுபோகச் சந்தா, காணிக்கை, அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு ஒரு பூசணியோ வாழைக்குலையோ. சரி, திரும்பி வருவது என்ன? டிசம்பர் மாதம் காலனிக்கு ஒரு வேன் வரும். பேனர் கட்டுவார்கள். ஆளுக்கு ஐந்து கிலோ அரிசி, பெண்களுக்கு ஒரு சேலை. பெயர் வாசிக்க வாசிக்க வரிசையில் போய் வாங்க வேண்டும். வாங்கும்போது ஒரு நிமிடம் பையை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், போட்டோ எடுப்பார்கள். பையின் ஒரு காது கொடுக்கிறவர் கையில், மறு காது வாங்குகிறவள் கையில். அம்மையின் பதினெட்டு கிலோவில் ஐந்து கிலோ அம்மைக்கே தருமமாகத் திரும்பி வருகிறது. மிச்சம் பதின்மூன்று கிலோவுக்கு யாரும் போட்டோ எடுத்ததில்லை.

ஆண்டறிக்கையைப் புரட்டிப் பார்த்தேன். 'சபை மக்கள்' என்று ஒரு பகுதி. யார் வீட்டில் ஞானஸ்நானம், யார் வீட்டில் கலியாணம், யார் பிள்ளை டாக்டருக்குப் படிக்கிறது, எல்லாம் அதில் உண்டு. பின்னால் 'சமுதாய ஊழியங்கள்' என்று ஒரு பகுதி. மருத்துவ முகாம், தையல் மெஷின், முதியோர் இல்லத்துக்கு மதிய உணவு, அதற்கடுத்து 'காலனி மக்களுக்கு அரிசி, சேலை'. படமும் போட்டிருக்கிறது. படத்தில் எங்கம்மை. நாற்பது வருடம் சந்தா கட்டின அங்கத்தினள், முதல் பகுதியில் இல்லை, பின்பகுதியில் இருக்கிறாள். அதே பீடத்தில் ராப்போஜனம் வாங்குகிறவள் அறிக்கைக்குள் வரும்போது வெளியாள் ஆகிவிடுகிறாள்.

என் கேள்வி இவ்வளவுதான். நாங்கள் சபையா, சபை செய்யும் ஊழியமா?

"சபையில் சாதி பார்ப்பதில்லை" என்று உடனே ஒருவர் எழுந்து சொல்வார். பார்க்காதவர்கள் எப்படி ஐயா அந்தப் பேனரில் 'காலனி' என்று எழுதினீர்கள்? தாய்ச்சபைக்குப் பின்னால் ஓலைக்குடிசையில் கிடக்கிற ஏழைக்கு நீங்கள் உதவி செய்யும்போது 'நம்ம சபை அங்கத்தினர் ஒருவருக்கு' என்று எழுதுகிறீர்கள், பெயர்கூடப் போடுவதில்லை, அவர் மனசு நோகக்கூடாது என்று. எங்களுக்கு மட்டும் தெருவோடு பேர் வைத்து, வரிசையில் நிறுத்தி, விளக்குப் போட்டுப் படம் பிடிக்கிறீர்கள். ஏழ்மையில் ஒரே ஏழ்மை. ஒன்றுக்கு வெட்கம் உண்டு, இன்னொன்றுக்கு வெட்கம் கிடையாது. இதற்குப் பெயர் சாதி இல்லையென்றால் வேறு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்தச் சிக்கல் திருச்சபைக்குப் புதிதல்ல. பிறந்தவுடனேயே வந்த சிக்கல். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை எத்தனை தடவை பிரசங்கம் பண்ணியிருக்கிறார்கள்! எருசலேம் சபையில் அன்றாடப் பந்தி விசாரிப்பில் கிரேக்க மொழிக்காரர்களின் விதவைகளைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? கிரேக்க விதவைகளுக்கு இன்னும் ரெண்டு அப்பம் சேர்த்துக் கொடுத்து வாயை அடைத்தார்களா? விளக்கம் கேட்டுக் கடிதம் போட்டார்களா? இல்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேரின் பெயரையும் வாசித்துப் பாருங்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறுமுறுத்தவர்கள் பக்கத்து ஆட்களின் கையிலேயே பந்தியை ஒப்படைத்துவிட்டார்கள். அவர்களுடைய விதவைகளுக்கும் உங்களுடைய விதவைகளுக்கும் இனி அவர்களே பரிமாறட்டும் என்று அகப்பையைத் தூக்கிக் கொடுத்தார்கள். இந்த அதிகாரத்தை வைத்து ஸ்தேவானின் விசுவாசத்தைப் பிரசங்கிப்பார்கள். அகப்பை கைமாறின கதையை நான் இதுவரை ஒரு பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

பிரஸ்பிட்டர் என்கிறோம். கிரேக்கத்தில் மூப்பர் என்று பொருள். பிரஸ்பிட்டேரியன் என்றால் மூப்பர்களால் நடத்தப்படும் சபை. மூப்பர்களைத் தேர்ந்தெடுப்பது சபையார். ராஜாவோ, மேலிருந்து வந்த பிஷப்போ அல்ல, சபை தெரிந்துகொண்டவர்கள் சபையை ஆள வேண்டும் என்பதற்காக ஸ்காட்லாந்துக்காரர்கள் அரசர்களோடு சண்டை போட்டார்கள். 1908-ல் அந்த ஸ்காட்லாந்து வழியில் வந்த சபைகளும், சபையாரின் ஓட்டுக்கே முதலிடம் கொடுத்த லண்டன் மிஷன் போன்ற காங்கிரிகேஷனல் சபைகளும் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆயின. 1947 செப்டம்பர் 27-ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. இத்தனை ஐக்கியத்துக்கும் அடியில் கிடக்கிற கொள்கை ஒன்றுதான்: சபையை ஆளும் உரிமை சபையாருக்கு. அந்த உரிமை எங்கள் காலனி எல்லைக்கு வரும்போது செத்துப்போகிறது. ஏனென்றால் நாங்கள் 'கிளை'. காணிக்கை எடுக்கும்போது நாங்களும் ஒரே மரம். கமிட்டித் தேர்தல் வந்தால் மட்டும் கிளை.

இந்த மாவட்டத்துச் சீர்திருத்த சபை எங்கே முளைத்தது? மயிலாடியில். யார் வீட்டில்? மகாராசன் என்ற சாம்பவர் வீட்டில். சாமி தேடிச் சிதம்பரம்வரை நடந்தவர். தஞ்சாவூரில் வேதத்தைக் கேட்டு, ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கமாகத் திரும்பி வந்தவர். அவர் கூப்பிட்டுத்தான் 1806-ல் ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809-ல் மயிலாடியில் கோயில் எழும்பியது. சம்பளத்தை எளியவர்களுக்குக் கொடுத்துவிட்டு உடம்பில் ஒழுங்கான மேல்சட்டைகூட இல்லாமல் 1816-ல் கப்பலேறிப் போனாரே அந்த ஜெர்மன்காரர், போகும்போது சபையை யாரிடம் ஒப்படைத்தார்? வேதமாணிக்கத்திடம். சார்ல்ஸ் மீட் வந்து சேரும்வரை தென் திருவிதாங்கூர் மிஷனை நடத்தியது ஒரு பறையன். இந்த மண்ணின் முதல் மூப்பர் எங்கள் ஆள். இருநூறு வருடத்துக்குப் பிறகு அவருடைய சனம் பையைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிறது.

தருமம் என்ற சொல்லை இந்த மண்ணில் கவனமாகத்தான் உச்சரிக்க வேண்டும். திருவிதாங்கூருக்குத் தருமபூமி என்று பெயர். மிஷனரி சாமுவேல் மேட்டீர் 1871-ல் எழுதிய ஆங்கிலப் புத்தகத்தின் தலைப்புக்கே பொருள் அதுதான். என்ன தருமம்? பிராமணர்களுக்கு ஊட்டுப்புரைகளில் இலவசச் சாப்பாடு. அந்த நெல்லை விளைவித்தவர்கள் யார்? 1836-ல் திருவிதாங்கூர் அரசு எடுத்த கணக்கில் அடிமைகள் 1,64,864 பேர். பறையரும் புலையரும். வயலோடு சேர்த்து விற்கப்பட்டவர்கள். அந்தத் தருமபூமியில் தருமம் வாங்குகிறவன் மேலே இருந்தான். விளைவித்தவன் வரப்புக்குக் கீழே கிடந்தான். 1847-ல் மிஷனரிகள் அடிமைத்தனத்தை ஒழிக்கச் சொல்லி மன்னருக்கு மனுக் கொடுத்தார்கள். 1855-ல் அடிமை ஒழிப்பு அறிவிப்பு வந்தது. கவனியுங்கள்: அவர்கள் அடிமைகளுக்குச் சேலை கொடுத்துவிட்டு நிற்கவில்லை. அடிமை என்ற நிலையே கூடாது என்று சர்க்காரோடு வாதாடினார்கள்.

மிஷனரிகளைக் கும்பிடச் சொல்லவில்லை. அவர்களுக்கும் ஓர் எல்லை இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் இங்கே உழைத்த அதே சார்ல்ஸ் மீட், 1850-களின் தொடக்கத்தில் ஒரு பறையர் குடும்பத்துப் பெண்ணைக் கலியாணம் செய்தார். மிஷன் கொதித்தது. அவர் மிஷனைவிட்டே வெளியேற வேண்டிவந்தது. பள்ளிக்கூடம் கொடுக்கலாம், மருந்து கொடுக்கலாம், ஆத்துமாவை இரட்சிக்கலாம்; அவர்கள் வீட்டு மருமகன் ஆகக்கூடாது. தருமத்தின் எல்லைக்கோடு சாப்பாட்டு மேசை ஓரத்தில் போடப்பட்டிருந்தது. அந்தக் கோட்டை வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போனான். நம்மாட்கள் சிமெண்டு பூசி வைத்திருக்கிறார்கள்.

வேறு மாதிரி தருமமும் இருந்திருக்கிறது. செங்கல்பட்டு ஜில்லாவில் ஸ்காட்லாந்து சுயாதீன சபையின் ஆடம் ஆண்ட்ரூ, பறையர்களின் பசிக்குக் காரணம் நிலமில்லாமைதான் என்று கண்டுகொண்டார். அசல் பிரஸ்பிட்டேரியன்காரர். நிலம் வேண்டும் என்று அரசாங்கத்தோடு மல்லுக்கட்டினார். மெல்ரோசாபுரம் போன்ற குடியிருப்புகள் அப்படித்தான் வந்தன. அந்த ஜில்லா கலெக்டர் டிரமென்ஹீர் 1891-ல் பறையர் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892-ல் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது. அந்த நிலத்தை மீட்கத்தான் 1994 அக்டோபரில் காரணையில் நம் சனம் திரண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை. ஒன்று வேதக்காரப் பெயர், ஒன்று இந்துப் பெயர். குண்டுக்கு இரண்டும் ஒன்றுதான். அரிசி கேட்டு யாரும் நம்மைச் சுட்டதில்லை, தோழர்களே. நிலம் கேட்டால்தான் சுடுவார்கள். எதைக் கேட்டால் கோபம் வருகிறதோ அதுதான் நம் பங்கு.

மண்டைக்காட்டுக்கு வருகிறேன். 1982 மார்ச்சில், மாசிக்கொடை சமயத்தில், அம்மன் கோயிலுக்குக் கீழே கடற்கரையில் மூண்ட மோதல் கரை முழுக்கப் பரவியது. துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் செத்தார்கள். வீடுகள் எரிந்தன. அரசாங்கம் நீதிபதி வேணுகோபால் விசாரணை ஆணையம் வைத்தது. அதற்கு முந்தின வருடம்தான் மீனாட்சிபுரத்தில் நம் சனம் இஸ்லாத்துக்கு மாறியிருந்தது. இந்து ஒற்றுமை பேசினவர்களுக்கு அந்தப் புண் ஆறவில்லை. நான் அப்போது பிறக்கவில்லை. என் பாட்டா சொல்லுவார்: "அந்த வருசம் ரெண்டு கூட்டமும் நம்ம தெருவுக்கு வந்துது லே. ஒருத்தன் நீ இந்துன்னான். இன்னொருத்தன் நீ நம்ம சபைன்னான். ரெண்டுபேரும் மண்டையத்தான் எண்ணினான். எவனும் பானையைத் திறந்து பாக்கல்ல."

சர்க்காரும் மண்டையைத்தான் எண்ணுகிறது. 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி இந்துவாக இருந்தால் மட்டுமே பட்டியல் சாதி. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவப் பறையன் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டவன் ஆகிவிடுகிறான். ஞானஸ்நானத் தண்ணீர் பட்டதும் தீண்டாமை கழுவிப்போய்விட்டது என்று டில்லி நம்புகிறது. எங்கள் தெருவில் பாதிப்பேருக்கு இரண்டு பெயர். சர்டிபிகேட்டில் ஒன்று, சபைப் பதிவேட்டில் ஒன்று. "சலுகைக்காக இரட்டை வேஷம் போடுறாங்க" என்று சபைக்குள்ளேயே கேலி பேசுகிறவர்களிடம் கேட்கிறேன்: சர்க்கார் எங்களைப் பறையன் இல்லை என்கிறது, நீங்கள் பேனரில் காலனி என்கிறீர்கள். இரட்டை வேஷம் யாருடையது?

எனக்குத் தெரியும், அடுத்து என்ன சொல்வார்கள் என்று. "நன்றி கெட்டவள். சபைப் பணத்தில் படித்தவள்." ஆமாம். ஆறாம் வகுப்பிலிருந்து எனக்கு நோட்டுப் புத்தகம் சபையில் கொடுத்தார்கள். நெய்யூர் ஆஸ்பத்திரியில்தான் எங்கள் தெருவில் பாதிப்பேர் பிழைத்தார்கள். 1838-லேயே டாக்டர் ராம்சே அங்கே மருத்துவம் தொடங்கினார். எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல், மலையைவிட்டு இறங்கி நெய்யூரில் கத்தி பிடித்தார். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் என் நோட்டுப் புத்தகத்துக்குப் பின்னால் எத்தனை பிடியரிசி இருந்தது என்று யாராவது கணக்குப் பார்த்தார்களா? கல்லறைத் தோட்டத்தில் என் அப்பா கூலியில்லாமல் வெட்டின குழிகளைக் கணக்கில் சேர்த்தார்களா? பண்டிகை விருந்துக்கு எங்கள் பெண்கள் தேய்த்த அண்டாக்களை? அண்டாவை நாங்கள் தேய்க்கலாம். அதற்குள் அகப்பையை விடக்கூடாது. சமையலுக்கும் பரிமாறலுக்கும் ஒருநாளும் எங்களைக் கூப்பிட்டதில்லை.

நம்மாட்களையும் சொல்லாமல் விடமுடியாது. வேன் வந்ததும் முண்டியடித்து ஓடிப் பேனர் கட்டுகிறவன் நம்ம பையன்தான். செயலாளர் தோளில் கைபோட்டுப் பேசினால் ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். போன வருடம் இந்தப் பேச்சை எடுத்தபோது, "பொம்பளைகளுக்கு எதுக்கு இந்த வேலை" என்று சொன்னதும் நம் ஆண்கள்தான். பிடி பிடியாய் அரிசி சேர்ப்பது பொம்பளை வேலை, அதை யாருக்குக் கொடுப்பது என்று பேசுவது மட்டும் ஆம்பளை வேலையா?

இனி, அந்தத் தன்னிச்சையான காரியத்தைச் சொல்கிறேன். இந்த வருடம் எங்கள் பெண்கள் பிடியரிசியைத் தாய்ச்சபைக்குக் கொண்டுபோகவில்லை. நிறுத்தவுமில்லை. ஜெபவீட்டிலேயே ஒரு தகர டின் வாங்கி வைத்தார்கள். ஒரு நோட்டுப் போட்டார்கள். யார் வீட்டிலிருந்து எவ்வளவு, யாருக்கு எவ்வளவு என்று எழுதுவது நான், தீர்மானிப்பது அவர்கள். முதல் மாதம் மூன்று வீட்டுக்குக் கொடுத்தார்கள். இரண்டு எங்கள் தெருவில். மூன்றாவது, தாய்ச்சபைக்குப் பின்னால் தனியாய்க் கிடக்கிற ஒரு நாடார் கிழவி. பிள்ளைகள் கைவிட்டவள். அங்கத்தினர் என்பதால் தருமக் கணக்கிலும் வரவில்லை, ஆளில்லாததால் கமிட்டிக் கண்ணிலும் படவில்லை. அம்மைதான் அவள் பேரைச் சொன்னாள். இருட்டின பிறகு கொண்டுபோய்த் திண்ணையில் வைத்துவிட்டு வந்தார்கள். போட்டோ எடுக்கவில்லை.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. எங்கள் தெருவுக்குள்ளேயே கொடுத்திருந்தால் கடிதம் வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். காலனிக்காரி கொடுக்கிற இடத்தில் நின்றுவிட்டாள். அதுதான் குற்றம்.

கடிதத்தைக் கொண்டுவந்து தந்த செயலாளர், அறுபது தாண்டிய அம்மையைப் பார்த்து, "நீ இதிலெல்லாம் தலையிடாதே. நாளைக்கு ஒரு சாவு கீவுன்னா சபைதான் வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கல்லறைத் தோட்டத்தைக் காட்டி மிரட்டுகிறார். அன்று ராத்திரி அம்மை தூங்கவில்லை. அப்பா அந்தத் தோட்டத்தில்தான் கிடக்கிறார். அவர் பக்கத்தில் தனக்கு இடம் உண்டா இல்லையா என்பது அவளுக்குச் சின்னக் காரியமல்ல. காலையில் எழுந்து உலை வைத்தாள். ஒரு பிடி எடுத்துப் பானையில் போட்டாள்.

ஆகவே விளக்கம்:

ஆண்டறிக்கையில் எங்களை 'சமுதாய ஊழியங்கள்' பகுதியிலிருந்து எடுத்து 'சபை மக்கள்' பகுதியில் போடுங்கள். கிளை என்ற பெயரால் மறுத்த ஓட்டைக் கொடுங்கள். கமிட்டியில் எங்கள் பெண்களும் உட்காரட்டும். வரவுசெலவுக் கணக்கை எங்கள் ஜெபவீட்டிலும் வந்து வாசியுங்கள். கல்லறைத் தோட்டத்தில் யாருக்கும் யாரும் இடம் மறுக்க முடியாது என்று தீர்மானம் எழுதுங்கள். அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு அகப்பையை எங்கள் பெண்கள் கையில் கொடுங்கள். எல்லோருக்கும் ஒரே பந்தியாய்ப் பரிமாறுவார்கள், உங்களுக்கும் சேர்த்து. அதற்குப் பிறகு எங்கள் டின்னில் உள்ள அரிசியைத் தூக்கிக்கொண்டு நாங்களே வருவோம்.

அதுவரை டின் ஜெபவீட்டில் இருக்கும். நோட்டும் இருக்கும். யார் வேண்டுமானாலும் வந்து கணக்குப் பார்க்கலாம்.